இரண்டு கைக்கு நடுவே ஒரு வீடு

சம்மனசுவிளையில் இருக்கிற காவல் தூதரான சம்மனசின் கோயில் தன் இரண்டு கைகளையும் மெல்ல மூடிக்கொண்டு வருகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது பெலிக்ஸ் சாமியின் கழுத்துதான். அந்தப் பங்குக்கு வந்த சாமிமார் எல்லோருக்கும் இரண்டாம் வருஷத்தில் கழுத்து வலிக்கத் தொடங்கும், நாலாம் வருஷத்தில் வலி தோள்பட்டைக்கு இறங்கும், ஆறாம் வருஷத்தில் ஆயருக்குக் கடிதம் எழுதி மாற்றல் வாங்கிக்கொண்டு தைல வாசனையோடு பஸ் ஏறிவிடுவார்கள். பெலிக்ஸ் சாமிக்கோ நாலாம் வருஷம் ஆனி மாதத்தில், தோளுக்கு இறங்க வேண்டிய வலி இறங்காமல், இருந்த வலியும் போய்விட்டது.

வலிக்குக் காரணம் கோயிலின் அமைப்பு. நூற்றிருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பிரான்சு தேசத்திலிருந்து வந்த லெயோன் சாமியார், வடக்குத் தெருக்காரர்களும் தெற்குத் தெருக்காரர்களும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு பூசை காண மாட்டோம் என்று பதினோரு மாதம் மல்லுக்கு நின்றதில் அலுத்துப்போய், ஒரு கவட்டைக் கம்பை ஒடித்துத் தரையில் போட்டு, இப்படியே கட்டித் தொலைக்கிறேன் என்று கட்டிய கோயில் அது. தெரு என்று சொல்வது எழுதுகிறவர்களின் நாகரிகம். அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தப் பக்கத்தில் பால்குடி மறந்த எல்லோருக்கும் தெரியும். கவட்டை பிரிகிற இடத்தில் பீடம். அங்கிருந்து வடகிழக்கே ஒரு நீளக் கூடம், தென்கிழக்கே ஒரு நீளக் கூடம், ஊர் வாயில் வடகை, தென்கை. வடகையில் உட்கார்ந்தவருக்குச் சாமி தெரிவார், தென்கைக்காரர் தெரிய மாட்டார். தென்கையில் உட்கார்ந்தவருக்கும் அதே சௌகரியம். 'ஆண்டவர் உங்களோடு இருப்பாராக' என்பதைச் சாமி வடக்கே திரும்பி ஒருதரம், தெற்கே திரும்பி ஒருதரம் சொல்ல வேண்டும், முதல் ஞாயிறு வடக்கே முதலில், அடுத்த ஞாயிறு தெற்கே முதலில், மாதத்தில் ஐந்து ஞாயிறு வந்துவிட்டால் அந்த ஐந்தாவது யாருக்கு என்கிற சண்டையில் ஒருமுறை கொடிமரமே வெட்டுப்பட்டிருக்கிறது.

ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில், திரும்பாமலே இரண்டு கையும் தன் கண்ணுக்குத் தெரிவதைப் பெலிக்ஸ் சாமி பார்த்தார். பார்த்தவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், யாரிடம் முதலில் சொன்னீர்கள் என்று ஒரு பஞ்சாயத்து வரும் என்று அவருக்குத் தெரியும். கோயிலின் நூற்றிருபத்தைந்தாம் வருஷ ஜூபிலிக்காகப் பங்கின் வரலாற்றை எழுதி மலர் ஒன்று அச்சடிக்க வேண்டியிருந்தது, அந்த வேலையில் தலையைப் புதைத்துக்கொண்டார்.

அவருக்கு முன்பே வியாகுலத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு கைகளுக்கும் நடுவில் கிடந்த முக்கோண நிலத்தில் அவளுடைய வீடு இருந்தது, மண் சுவர், ஓட்டுக் கூரை, ஒரு அறை, ஒரு அடுக்களை. பீடத் துணிகளைத் துவைத்துக் காயப்போட வடகை ஜன்னல் கம்பிக்கும் தென்கை ஜன்னல் கம்பிக்குமாக ஒரு கொடி கட்டியிருந்தாள். அந்தக் கொடி தளர்ந்துகொண்டே வந்தது. இழுத்துக் கட்டுவாள், பத்து நாளில் மறுபடி தொய்ந்து, சாமியின் வெள்ளை அங்கி செம்மண்ணில் புரளும். யாரோ வேண்டுமென்றே முடிச்சை நெகிழ்த்துகிறார்கள் என்று நினைத்தாள், அதற்காக மூன்று மத்தியானம் கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருத்தரும் வரவில்லை. பிறகு மாதாமாதம் கயிற்றில் ஒரு முழம் வெட்டி, வெட்டிய துண்டுகளை ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள், என்றைக்காவது யாராவது அவள்மேல் பழி சொன்னால் சாட்சிக்கு இருக்கட்டும் என்று.

அந்த வீட்டின் வரலாறு ஜூபிலி மலரில் கிடையாது. சாமி எழுதிக் காட்டிய முதல் பிரதியில் இருந்தது, வடகைத் தலைவர் மரியசிலுவை ஒரு கோடு போட்டு அடித்தார், தென்கைத் தலைவர் சவரிராயன் அதே வரியின்மேல் இன்னொரு கோடு போட்டு அடித்தார். வியாகுலத்தின் அப்பா வடகை. அம்மா தென்கை. அப்போதிருந்த சாமியார் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேருக்கும் மந்திரித்துவைத்துவிட்டார். கலியாணம் ஆயிற்று, ஆனால் உட்கார இடம் இல்லை. வடகையில் அம்மாவை விடவில்லை, தென்கையில் அப்பாவை விடவில்லை. அந்தச் சாமியார்தான் நடு நிலத்தில் வீடு கட்டிக்கொடுத்து, பூசையில் சாமி கொடுக்கிற நன்மைக்கு வேண்டிய அப்பம் சுடுகிற வேலையையும் துணி துவைக்கிற வேலையையும் கொடுத்தார். அடுக்களைப் பக்கத்தில் வடகைச் சுவரில் ஒரு காற்றுத் துவாரம், அறைப் பக்கத்தில் தென்கைச் சுவரில் ஒரு காற்றுத் துவாரம். அப்பா ஒன்றில் காதை வைத்துப் பூசை கேட்பார், அம்மா மற்றதில் காதை வைத்துப் பூசை கேட்பாள். செத்த பிறகும் ஊர் விடவில்லை. அப்பாவை வடக்குக் கல்லறைக்குத் தூக்கிப்போனார்கள், ஒன்பது மாதம் கழித்து அம்மாவைத் தெற்குக் கல்லறைக்குத் தூக்கிப்போனார்கள். இடையில் பன்னிரண்டடிச் சுவர்.

வியாகுலத்தைப் பெண் கேட்டு எந்தக் கையிலிருந்தும் யாரும் வரவில்லை. ஐம்பத்தேழு வயதுக்கு அவள் ஒருநாளும் கோயிலுக்குள் உட்கார்ந்ததில்லை, சாமி அங்கி மாட்டுகிற சக்ரீஸ்து அறையின் வாசலில் நின்று நன்மை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவாள். இப்படி வளர்ந்த ஒருத்திக்கு மனுஷர்மேல் நம்பிக்கை எங்கிருந்து வரும்? வணக்கம் சொன்னால் எதற்குச் சொல்கிறார்கள் என்று யோசிப்பாள், சொல்லாவிட்டால் ஏன் சொல்லவில்லை என்று யோசிப்பாள். ஊரும் அவளைச் சும்மா விடவில்லை. சனிக்கிழமைதோறும் அவள் இரும்பு அச்சில் மாவை ஊற்றி, அப்பம் சுட்டு, வட்டமாக வெட்டி, இரண்டு டப்பாவில் போட்டுக் கொடுப்பாள், வடகைக்கு ஒன்று, தென்கைக்கு ஒன்று. அவள் அப்பன் கை என்பதால் வடகை அப்பம் தடிமன் என்று தெற்கே பேச்சு. தாய்ப்பாசத்தில் தென்கை அப்பம்தான் முறுகல் என்று வடக்கே பேச்சு. முப்பது வருஷமாக அவளைக் காலி பண்ணச் சொல்லி இரண்டு கையும் தனித்தனியாக மனு எழுதிக்கொண்டிருந்தன, ஒரு கைக்குச் சைக்கிள் நிறுத்த இடம் வேண்டுமாம், இன்னொரு கைக்குப் பந்தல் சாமான் போட இடம் வேண்டுமாம். இந்த வீடு ஒன்றுதான் அவளுக்கென்று உலகத்தில் இருந்தது.

அக்டோபர் இரண்டாம் தேதி சம்மனசு திருநாளில் விஷயம் வெட்டவெளிச்சமானது. வடகை வாசலிலிருந்து ஒரு சப்பரமும் தென்கை வாசலிலிருந்து ஒரு சப்பரமும் ஒரே நேரத்தில் புறப்படுவது வழக்கம், புறப்பட்டு எழுபதடி இடைவெளியில் ஒன்றையொன்று பார்க்காததுபோலத் தெருவுக்குத் திரும்பிவிடும். அந்த வருஷம் திரும்ப இடம் போதாமல் இரண்டு சப்பரத் தண்டும் வாசலிலேயே இடித்துக்கொண்டன, ஒரு சம்மனசின் இறக்கை இன்னொரு சம்மனசின் கழுத்தில் மாட்டிக்கொண்டது. இறக்கையை விடுவித்த கையோடு அளந்து பார்த்தார்கள். எழுபதடி இருந்த இடத்தில் நாற்பத்தோரடி இருந்தது.

"தெக்கத்தியான் தள்ளுதான்," என்றார் மரியசிலுவை.

"தள்ளுனா எங்க கை ஒங்க பக்கம்லா வரும்? ஒங்க கைதான் எங்க பக்கம் வந்திருக்கு. எடத்தப் புடிக்கியளோ?" என்றார் சவரிராயன், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

இரண்டு கையும்தான் நகர்ந்திருக்கின்றன என்று அளவுநாடா சொன்னது, ஆனால் அந்த நாடா யார் வீட்டு நாடா என்று கேள்வி வந்ததும் அதன் பேச்சு எடுபடவில்லை. மறைமாவட்டத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்து அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்து, நூல் பிடித்துப் பார்த்து, சுவரைத் தட்டிப் பார்த்து, எங்கேயும் ஒரு கீறல்கூட இல்லை, கட்டடம் அருமையாக இருக்கிறது, கொஞ்சம் நகர்கிறது, அவ்வளவுதான் என்று எழுதிக் கொடுத்தார். அவர் மத்தியானம் தெற்குத் தெருவில் சாப்பிட்டார் என்பதால் வடக்குத் தெரு அதை நம்பவில்லை. வடக்குத் தெருவில் காப்பி குடித்தார் என்பதால் தெற்குத் தெருவும் நம்பவில்லை. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் சுண்ணாம்பில் கோடு போட்டு, பகல் முழுக்க முறைவைத்து ஆளை உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தவர்கள் கோயிலைப் பார்க்கவில்லை, எதிரே உட்கார்ந்தவர்களைத்தான் பார்த்தார்கள். கோயில் யார் கண்ணுக்கும் உறுத்தாமல், வெற்றிலைக் கொடி நீளுகிற வேகத்தில், தன்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

மூன்று மாதத்தில் ஊருக்கு அது பழகிவிட்டது. கை முப்பத்தெட்டடியில் இருந்தபோது பிறந்த பிள்ளை என்றும், முப்பதடியில் இருந்தபோது பேசி முடித்த சம்பந்தம் என்றும் காலத்தைச் சொல்லத் தொடங்கினார்கள். இடைவெளி குறையக் குறையத் தென்கைப் பாட்டு வடகைக்குக் கேட்டது. நம்மை அமுக்கத்தான் உரக்கப் பாடுகிறார்கள் என்று வடகை சுருதியை ஏற்றியது, அதைக் கேட்டுத் தென்கை இன்னும் ஏற்றியது, கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்குள் இரண்டு கையிலும் குரல் உள்ள ஒருத்தரும் மிச்சமில்லை. வடக்கே ஒருத்தர் இருமினால் தெற்கே அதற்கு அர்த்தம் தேடினார்கள். தெற்கே தேங்காய் எண்ணெய் வாசனை வந்தால் வடக்கே மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்றைக்கு என்ன விசேஷமோ, நமக்குத் தெரியாமல் என்னவோ நடக்கிறது என்று ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

விபூதிப் புதன் அன்று வடகைச் சுவர் வியாகுலத்தின் அடுக்களைச் சுவரைத் தொட்டது. குருத்தோலை ஞாயிறு அன்று தென்கைச் சுவர் அவளுடைய அறைச் சுவரைத் தொட்டது. தொழுவத்து மாடு சுவரில் சாய்வதுபோலச் சாய்ந்தது, அவ்வளவுதான். கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த நூற்றிருபத்தைந்து வருஷத்துக் கோயில், அந்த மண் சுவரைத் தொட்டதும் நின்றுவிட்டது. அன்றிலிருந்து கொடிக் கயிறு தொய்யவில்லை.

வீடு நொறுங்கிவிடும் என்று பெட்டி படுக்கையை வாசலில் எடுத்து வைத்துக் காத்திருந்த வியாகுலத்துக்கு, வீடு நொறுங்காததைவிட அதற்குப் பிறகு நடந்ததுதான் பயத்தைக் கொடுத்தது. ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை, மரியசிலுவையின் மனைவி ரெஜினம்மாள் ஒரு தூக்குச்சட்டியில் ஆட்டுக்கால் சூப்போடு வந்து நின்றாள். முறைப்படி மைனி, பெரியப்பா மகனின் பெண்டாட்டி. ஆனால் வாக்கப்பட்டு வந்த முப்பத்தாறு வருஷத்தில் அவள் அந்த வாசலை மிதித்ததில்லை.

"ஒடம்பப் பாத்துக்க மைனி," என்றாள் ரெஜினம்மாள். "எலும்புக்கு நல்லது. நீ தெம்பா இருக்கணும்."

"எதுக்கு?" என்றாள் வியாகுலம்.

"என்ன கேள்வி இது? சொந்தத்துக்குள்ள பாத்துக்கிடாம?"

அவள் போனதும் சூப்பில் கொஞ்சம் எடுத்துக் கோழிக்கு ஊற்றிவிட்டு, அரை மணி நேரம் கோழியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் வியாகுலம். கோழி நன்றாகத்தான் இருந்தது. அதிலும் அவளுக்குத் திருப்தி இல்லை. மறுநாள் சவரிராயன் வந்தார், அவளுடைய அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, எழுபத்தாறு வயது. அக்கா கலியாணம் முடித்த அன்றைக்கு வாசலில் தண்ணீரைத் தெளித்துவிட்டு உள்ளே போனவர். கையில் ஒரு சீப்புப் பழம், பின்னால் இரண்டு கொத்தனார்.

"மருமவளே, ஓடு ஒழுகுதா? செவுத்துல எங்கயாது கரையான் இருக்கா? சொல்லு, இப்பமே பூசிருவாங்க."

"அம்பத்தேழு வருசமா இல்லாத மாமன் இன்னைக்கு எந்த வழியா வந்தீய?"

"பழசப் பேசாத தாயி. நீ இந்த வீட்ட விட்டு எங்கயும் போயிரக் கூடாது, அது ஒண்ணுதான் எனக்கு வேணும்."

இப்படியே வைகாசி வரை நடந்தது. வடக்கிலிருந்து கருப்பட்டி, தெற்கிலிருந்து கட்டில், வடக்கிலிருந்து டாக்டர், தெற்கிலிருந்து அந்த டாக்டர் சொன்னது சரிதானா என்று பார்க்க இன்னொரு டாக்டர். அவள் தும்மினால் இரண்டு தெருவும் ஓடிவந்தன. கோழி கொழுத்துப் பந்தாக உருண்டது. இவ்வளவு அன்பையும் வாங்கிவைத்துக்கொண்டு வியாகுலம் இளைத்துப்போனாள், ஏனென்றால் எதையும் அவளால் நம்ப முடியவில்லை, காரணமும் பிடிபடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு, வடகையில் கூட்டம் போட்டிருந்தார்கள். அடுக்களை ஜன்னலுக்கு நேராக வந்து நின்றிருந்த வடகைத் துவாரத்தில் காதை வைத்தாள். "அவ வீடு நிக்கிற வரைக்கும் நமக்குப் பயமில்ல," என்று மரியசிலுவையின் குரல் கேட்டது. "கோயில் அந்த மண் சொவரத் தாண்டி வராது, நான் தினம் அளந்து பாக்கேன். அவ செத்தா வீடு இடிஞ்சிரும், வீடு இடிஞ்சா அவனுவ மூஞ்சில முழிச்சிக்கிட்டுத்தான் பூச காணணும்." அவள் மெல்ல நடந்து அறைக்குப் போய், அங்கேயும் ஜன்னலுக்கு நேராக வந்திருந்த தென்கைத் துவாரத்தில் காதை வைத்தாள். அங்கேயும் கூட்டம். சவரிராயன் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார், வடக்கு என்று வருகிற இடத்தில் தெற்கு, தெற்கு என்று வருகிற இடத்தில் வடக்கு. வியாகுலம் கட்டிலில் உட்கார்ந்தாள். ஒருவழியாகச் சந்தேகம் தீர்ந்துபோன நிம்மதியில் அவளுக்குக் கொஞ்ச நேரம் சிரிப்புக்கூட வந்தது, அதற்குப் பிறகு வேறு என்னவெல்லாமோ வந்தது. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வாழக் கட்டிய வீடு இது, இதைத்தான் இவர்கள் வேலியாக வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

ஜூபிலிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மரியசிலுவையும் சவரிராயனும் சேர்ந்து வந்தார்கள். சேர்ந்து என்றால், ஒருத்தர் வடக்கு ஓரமாகவும் ஒருத்தர் தெற்கு ஓரமாகவும் நடந்து வந்து, அவளுடைய கட்டிலில் இரண்டு முனையில் உட்கார்ந்தார்கள். சாட்சிக்குப் பெலிக்ஸ் சாமியையும் கூட்டி வந்திருந்தார்கள். நூற்றிருபத்தைந்து வருஷத்தில் இரண்டு கையும் சேர்ந்து எடுத்த முதல் தீர்மானம் அது: ஜூபிலி நினைவாக வியாகுலத்தின் வீட்டைச் சுற்றி நாலு மூலையிலும் கான்கிரீட் தூண், நடுவில் கான்கிரீட் விட்டம், மேலே தளம். ஆயுசுக்கும் வீடு அவளுக்கு, யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டார்கள்.

"மலர்லயும் ஒன் பேரப் போடுதோம், தங்கச்சி," என்றார் மரியசிலுவை. பெரியப்பா மகன், ஒருநாளும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. "ஒங்கய்யா அம்மா பேரும் வரும். அடிச்ச வரிய மறுபடி எழுதச் சொல்லிட்டோம்."

வியாகுலம் அவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளதைச் சொன்னால் அவளுக்கு ஆசை வந்துவிட்டது. இடியாத வீடு, ஓடிப்போ என்று சொல்லாத ஊர், அச்சில் அப்பா அம்மா பேர். சாகிறவரை வேலியாக இருந்துவிட்டுப் போனால்தான் என்ன என்று ஒரு கணம் தோன்றியது.

"நான் ஒண்ணு கேட்டாச் செய்வியளா?"

"கேளு தாயி," என்றார் சவரிராயன்.

"எங்கய்யா வடக்கக் கெடக்காரு. எங்கம்மா தெக்கக் கெடக்கா. ரெண்டு பேரையும் எடுத்து ஒரு குழியில வைங்க. அதுக்குப் பெறவு இந்த வீட்டச் சுத்தி என்ன வேணும்னாலும் கட்டிக்கோங்க. நான் வாயத் தொறக்கல."

மரியசிலுவை சவரிராயனைப் பார்த்தார். சவரிராயன் மரியசிலுவையைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளாத இரண்டு பேர், அந்த ஒரு பார்வையில் எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள்.

"அது முடியாது," என்றார்கள், ஒரே குரலில்.

"வேற எது வேணும்னாலும் கேளு," என்று மரியசிலுவை சேர்த்துக்கொண்டார்.

"சரி, போங்க," என்றாள் வியாகுலம். அவர்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். அவள் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஐயாவும் அம்மாவும் போன நாட்களில்கூட அழாத அளவுக்கு அழுதாள். செத்தவர்கள் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் படுப்பதால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும் என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை காலை, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏணி வைத்துக் கூரையில் ஏறி, ஓட்டைப் பிரிக்க ஆரம்பித்தாள். நாலு வரிசை பிரிப்பதற்குள் இரண்டு தெருவும் திரண்டுவிட்டன. அவளைத் தடுக்க வேண்டுமானால் யாராவது ஒருத்தர் ஏணிக்குக் கீழே வர வேண்டும். வடக்கிலிருந்து ஒருத்தர் காலெடுத்து வைத்தால், அதற்குள் ஏன் வருகிறாய், நீதான் இவளுக்குச் சொல்லிக்கொடுத்தாயா என்று தெற்கிலிருந்து சத்தம் வரும். தெற்கிலிருந்து ஒருத்தர் வந்தால் வடக்கிலிருந்து அதே சத்தம். எந்தக் கை இவளை விலைக்கு வாங்கியது என்று கண்டுபிடிக்கிற மும்முரத்தில் அவர்கள் மத்தியானம் வரை சண்டை போட்டார்கள். அவள் ஓடு பிரித்துக்கொண்டே இருந்தாள். பெலிக்ஸ் சாமி அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து ஏணிக்குக் கீழே நின்று, அவள் கொடுக்கிற ஓட்டை ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினார்.

"சாமி, நீங்க எந்தக் கைக்காவ வந்திருக்கீய?" என்று மேலேயிருந்து கேட்டாள், சாமியையும் அவள் நம்பியதில்லை.

"என் கழுத்துக்காக வந்திருக்கேம்மா," என்றார் சாமி.

செவ்வாய் முழுக்கக் கூரையும் கைமரமும் இறங்கின. புதன்கிழமை கடப்பாரையால் நாலு தட்டுத் தட்டியதும் மண் சுவர், இதற்காகவே காத்திருந்ததுபோல, உட்கார்ந்துவிட்டது. அன்று சாயங்காலத்திலிருந்து கோயில் மறுபடி, இந்தமுறை அவசர அவசரமாக, நகர ஆரம்பித்தது. வியாழன் மத்தியானம் வடகைச் சுவரும் தென்கைச் சுவரும் ஒன்றையொன்று தொட்டன. தொட்டு நின்றுவிடவில்லை, வெள்ளி முழுக்க இரண்டும் ஒன்றோடொன்று உரசின, திருகையில் உளுந்து அரைக்கிற சத்தம் ஊரெல்லாம் கேட்டது, சனிக்கிழமை விடிந்தபோது இரண்டு சுவரும் பொடியாகி, மேற்கிலிருந்து அடித்த காற்றில் அந்தச் சுண்ணாம்பு முழுவதும் கிழக்கே போய்ப் பனங்காட்டின்மேல் விழுந்தது. உள்ளே ஒரே கூடம். வடக்கே வடகையின் கல் பாவிய தரை, தெற்கே தென்கையின் கல் பாவிய தரை, நடுவில் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கிற அகலத்துக்கு வியாகுலத்தின் சாணம் மெழுகிய தரை, அடுப்புக் கரியோடு. கல்லறைச் சுவருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊர் வந்தது. வராமலிருந்தால் எதிர்க் கை முழுக் கோயிலையும் எடுத்துக்கொள்ளும் என்ற பயத்தில் படுக்கையாகக் கிடந்தவர்கள்கூட வந்தார்கள். வடக்குப் பெஞ்சுகள் நிரம்பின, தெற்குப் பெஞ்சுகள் நிரம்பின. முதல்முறையாக அவர்கள் ஒருத்தரையொருத்தர் ஒரே கூரைக்குக் கீழே பார்த்தார்கள். யார் பெஞ்சு பெரியது, யார் பக்கம் ஜன்னல் அதிகம், யார் சேலை புதுசு என்று ஓரக்கண்ணால் கணக்கெடுத்துவிட்டு, எல்லோரும் பீடத்தைப் பார்ப்பதாகப் பாவனை செய்தார்கள். சக்ரீஸ்துவின் மூலையில் பாயும் பெட்டியுமாகக் குடியேறியிருந்த வியாகுலம், தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு, பிறந்ததிலிருந்து முதல்முறையாக முன்வாசல் வழியாக உள்ளே வந்தாள். நேராகத் தன் தரைக்குப் போய், தன் அடுப்பு இருந்த இடத்துக்குப் பக்கத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

பெலிக்ஸ் சாமி யார் பக்கமும் திரும்பாமல் ஒரே ஒருதரம், "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக," என்றார். இரண்டு பக்கமும் பதில் சொல்லாமல், அது யாரைப் பார்த்துச் சொன்னது என்று யோசித்துக்கொண்டிருந்தன. அந்த அமைதியில் வியாகுலம் தலையைத் திருப்பி வடக்கே பார்த்தாள், பிறகு தெற்கே பார்த்தாள். வடக்கே பெஞ்சின் உள்முனையில் ரெஜினம்மாள், முகத்தில் ஒரு நிம்மதி. தெற்கே உள்முனையில் ஒரு கிழவி, அவள் முகத்திலும் அதே நிம்மதி. இரண்டு பேரும் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், தன்னைத் தாண்டிப் பார்க்க வேண்டியதில்லை என்கிற ஆறுதலோடு. வீட்டை இடித்துவிட்டு வந்து அந்த வீடு இருந்த இடத்தில் தானே உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

அவள் எழுந்தாள். சுற்றிப்போய், வடக்குச் சுவரோரம், பெண்கள் பெஞ்சின் வெளிமுனையில் நின்றாள். பத்துப் பேர் உட்காருகிற பெஞ்சில் பத்துப் பேரும் இருந்தார்கள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்றாள்.

முனையில் இருந்தவள் இடமில்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள், வியாகுலம் ஓரமாக ஒண்டி உட்கார்ந்து, இடுப்பைக் கொடுத்து ஒரு நெட்டு நெட்டினாள். அப்பம் அச்சை அழுத்தி அழுத்தித் திரண்ட உடம்பு. முதலில் இருந்தவள் இரண்டாமவள்மேல் சாய்ந்தாள், இரண்டாமவள் மூன்றாமவளைத் தள்ளினாள், யார் தள்ளுவது, யார் தள்ளுவது என்ற முணுமுணுப்பு பெஞ்சு வழியே போய், கடைசியில் ரெஜினம்மாள் பெஞ்சிலிருந்து நழுவி, நடுவில் கிடந்த சாணித் தரையில் தொப்பென்று உட்கார்ந்தாள். எழுந்திருக்கக் கை ஊன்ற ஏதாவது வேண்டுமே. பக்கத்தில் இருந்தது தெற்குக் கிழவியின் முழங்கால்தான். அதைப் பிடித்தாள், பிடித்துவிட்டு, என்ன பிடித்தோம் என்று பார்த்தாள். கிழவியும் பார்த்தாள். இரண்டு பேரும் வியாகுலம் எங்கே என்று தேடினார்கள்.

வியாகுலம் அதற்குள் எழுந்து, பீடத்தின் முன்னால் ஒரு முழங்கால் போட்டுவிட்டு, தெற்குச் சுவரோரம் போய்ச் சேர்ந்திருந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்றாள்.